உண்ணிக் காய்ச்சலைக் கண்டுபிடித்த கதை

மழை பிடித்துவிட்டால் எங்கள் போளூர் பக்கம் காய்ச்சல் இல்லாத வீடு குறைவு. டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் எல்லாமே ஆரம்பத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும்: காய்ச்சல், தலைவலி, உடம்பு முறித்துப் போட்டது போல வலி. போன ஐப்பசியில் அம்மாவுக்கு வந்தது உண்ணிக் காய்ச்சல். அது என்னவென்று தெரிவதற்குள் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன்.

பக்கத்து லேபில் முதலில் டைபாய்டுக்கான வைடால் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். "டைபாய்டு பாசிட்டிவ் தம்பி" என்று சீட்டைக் கையில் கொடுத்தார்கள். அதற்கான ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவே இல்லை. வைடால் 1896-ல் வந்த முறை. எப்போதோ அந்தக் கிருமி உடம்புக்குள் வந்து போயிருந்தால்கூட எதிர்ப்புப் பொருள் மிச்சம் இருந்து பாசிட்டிவ் காட்டும். டைபாய்டு எப்போதும் நடமாடும் எங்கள் மாதிரி ஊர்களில் ஒரே ஒரு வைடாலை நம்பி ஊசி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்த கல்ச்சர்தான் நம்பகமானது. அதையும் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுத்தால்தான் பலன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "காய்ச்சல் எந்தக் கிழமை ஆரம்பிச்சது?" எந்தப் பரிசோதனை என்பதே அதைப் பொறுத்ததுதானாம். டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாட்களுக்குள்தான் நன்றாகப் பிடிக்கும், அதற்குப் பிறகு ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருளைப் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலின் ஐஜிஎம்மும் முதல் வாரம் முடியும்போதுதான் தெரிய ஆரம்பிக்கும். அவசரப்பட்டு எடுத்தால் நெகட்டிவ் வந்து ஏமாற்றிவிடும்.

அடுத்து திரையை இழுத்துவிட்டு, சிஸ்டரை விட்டு அம்மாவின் அக்குள், மார்புக்கு அடிப்பக்கம், இடுப்பு மடிப்பு என்று தேடச் சொன்னார். பாவாடை நாடா கட்டும் இடத்தில் சட்டை பட்டன் அளவில் ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். "அது நாடா அறுத்த புண்ணு, வலிகூட இல்ல" என்றார் அம்மா. வலிக்காததுதான் அதன் குணமே. மாட்டுக்குப் புல் அறுக்கப் போன இடத்தில், கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்த தடம் அது. எஸ்கார் என்கிறார்கள். எல்லாருக்கும் இருக்காது. இருந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஊதா மூடிக் குழாயில் தட்டணுவுக்கு (பிளேட்லெட்), சிவப்பு மூடிக் குழாயில் அந்த ஐஜிஎம்மைத் தேடும் எலிசா பரிசோதனைக்கு என்று ரத்தம் எடுத்தார்கள். தட்டணு குறைந்திருந்தது. அதைக் கேட்டதும் டெங்குதான் என்று நினைத்து சித்தப்பா பப்பாளி இலைக்கு ஆள் அனுப்பிவிட்டார். உண்ணிக் காய்ச்சலிலும் தட்டணு குறையும், கல்லீரல் என்சைம்கள் ஏறும் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

எலிசா ரிசல்ட் அன்றைக்கே வராது. ஒரு தட்டில் 96 குழிகள். ஒவ்வொருவருக்கும் தனியாக ஓட்டினால் கட்டுப்படியாகாது என்று மாதிரிகள் சேரும்வரை வைத்திருப்பார்கள். டாக்டர் அதற்காகக் காத்திருக்கவில்லை. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று என்று உடனே தொடங்கிவிட்டார். முன்பு போட்ட ஊசி மருந்து வகை இந்தக் கிருமியிடம் எடுபடாதாம். 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் விட்டது. "இந்தக் கஞ்சிய யாரு குடிப்பா, காரமா ஏதாவது கொண்டா" என்று அம்மா கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ரிசல்ட் பாசிட்டிவ் என்று பிறகு வந்தது. அதில் ஓ.டி. என்று ஒரு எண் (குழியில் வந்த நிறத்தின் அடர்த்தி), பக்கத்தில் அது தாண்டினால் பாசிட்டிவ் என்று சொல்லும் கட்-ஆஃப். இந்த நோய் வழக்கமாக உள்ள வட்டாரங்களில் நல்லா இருப்பவர்கள் ரத்தத்திலும் கொஞ்சம் எதிர்ப்புப் பொருள் இருக்கும் என்பதால், அந்த வட்டாரத்துக்கு ஏற்ப கட்-ஆஃப் வைக்க வேண்டுமாம். ஐஜிஎம் குணமான பிறகும் மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். "மறுபடி காய்ச்சல்னு வந்தீங்கன்னா இந்த ரிப்போர்ட்டையும் கொண்டு வாங்க. இல்லாட்டி பழைய பாசிட்டிவைப் புதுசுன்னு நெனச்சிடுவோம்" என்று சொல்லித்தான் டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதினார்.