தொப்பி, வலந்தலை, ஒரு நோட்டு

2022 ஆகஸ்டில் திருச்சியில் பைக்கிலிருந்து விழுந்தேன். ஹெல்மெட் போடவில்லை. மூளையின் வலப் பக்கம் ரத்தம் கட்டிவிட்டது. வீக்கத்துக்கு இடம் கொடுக்க மண்டை ஓட்டில் ஒரு துண்டை எடுத்து, என் வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள். 4 மாதம் கழித்துத்தான் அதைத் திரும்பப் பொருத்தினார்கள்.

நான் மிருதங்கம் வாசிப்பவன். மூளையின் வலப் பக்கம்தான் இடது கையை இயக்குகிறது; அடி வலப் பக்கம் என்பதால் பலவீனம் இடது கையில். மிருதங்கத்தின் வலப் பக்கம் வலந்தலை, இடப் பக்கம் தொப்பி; எனக்குப் போனது தொப்பி வாசிக்கும் கை. கைக்குப் பயிற்சியாக எதையாவது பிசையச் சொன்னார்கள். அம்மா ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். தொப்பியில் அப்புகிற அதே ரவை; 20 வருஷமாகக் கை அறிந்த பதம். பல மாதம் கழித்து ஒருநாள் தொப்பியிலிருந்து கும்கி, அந்த வளைந்து எழும் கனத்த நாதம், கேட்டது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கை வந்தது, தாளக் கணக்கு வரவில்லை. 'ததிங்கிணதொம்' என்ற ஐந்தெழுத்துச் சொல்லை மூன்று முறை வாசிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் வாசிப்பது. நடுவில் இது இரண்டாவதா மூன்றாவதா என்று தெரியாமல் போய்விடும். அரை மணி நேரத்தில் தலை கனத்துப் படுத்தே ஆக வேண்டும். பார்ப்பவர்களோ, "நல்லாத்தானே இருக்கீங்க" என்பார்கள். ஒரு கச்சேரியில், பாடகர் அந்தந்த நேரத்தில் கற்பனையாகப் பாடும் கல்பனாஸ்வரத்தைப் பின்தொடர முடியாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பதை என் குரு ஒருநாளும் அனுமதித்ததில்லை. அவரே ஒரு நோட்டை நீட்டினார். "எழுதிக்கோடா. மனசுல நிக்காதது தாள்ல நிக்கட்டும்."

பரதநாட்டிய வகுப்புக்கு வாசிக்கப் போனேன். கச்சேரியில் பாடகர் அடுத்து எங்கே போவார் என்று ஊகித்தபடியே இருக்க வேண்டும். நாட்டியத்தில் ஜதி, அதாவது ஆடுவதற்கான தாளச் சொற்கோவை, முன்பே கட்டியது, ஒத்திகையும் உண்டு. நோட்டைப் பக்கத்தில் விரித்து வைக்கலாம். தாளம் தட்டி ஜதி சொல்லி நட்டுவாங்கம் செய்யும் அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: அரை மணி நேரம் வாசிப்பேன், கால் மணி நேரம் விளக்கில்லாத அறையில் படுப்பேன். "சரி தம்பி, பிள்ளைங்களும் அப்ப தண்ணி குடிக்கட்டும்" என்றார்.

போன மாதம் மிஸ்ரத்தில், அதாவது ஏழின் கணக்கில், நானே ஒரு ஜதி கட்டினேன். கட்டம் போட்ட நோட்டில் வரிக்கு 7 கட்டம். 11 நாள் ஆனது. முன்பெல்லாம் தெருவில் நடந்துகொண்டே கட்டியிருப்பேன். இன்று பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். கடைசி வரியில் ஒரு திருத்தம் பாக்கி இருக்கிறது. நாளைக் காலை, தலை தெளிவாக இருக்கும்போது போட வேண்டும்.