"உடனே லாக் ஆயிருச்சுங்ண்ணா"

"உடனே லாக் ஆயிருச்சுங்ண்ணா, போடட்டுங்களா?"

விழுந்த பிரேக்கர் முன்னால் நின்று அந்த உதவியாளர் பையன் கேட்டது இவ்வளவுதான். நான் சொன்னது அதைவிடச் சின்னது. "போடு."

ஆறு வருடம் ஆகிவிட்டது. இந்த இரண்டு பேச்சையும் இன்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நூல் மில்லில் எலக்ட்ரிகல் பார்ப்பவர்களுக்கு அவன் கேள்வியின் முதல் பாதி என்ன சொல்கிறது என்று தெரியும். எம்சிசிபி, அதாவது ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் பெரிய பிரேக்கர், டிரிப் ஆனால் கைப்பிடி மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நடுவில் வந்து நிற்கும். கீழே இழுத்து லாக் ஆன பிறகுதான் மேலே தூக்க முடியும். எங்களிடம் இருந்தது பழைய தெர்மல் மேக்னடிக் ரகம். ஓவர்லோடில் விழுந்திருந்தால் உள்ளே இருக்கும் பைமெட்டல் பட்டை சூட்டில் வளைந்திருக்கும். அது ஆறுவதற்கு ஒன்றிரண்டு நிமிடமாவது வேண்டும். அதுவரை எத்தனை முறை இழுத்தாலும் பிடிமானம் இல்லாமல் தொளதொளவென்று திரும்பி வரும். ஷார்ட் சர்க்யூட்டில் அப்படி இல்லை. கரன்ட் எகிறிய கணத்திலேயே காந்தம் தட்டிவிட்டுவிடும், பட்டை சூடாக நேரமே கிடைக்காது. அதனால் உடனே லாக் ஆகும்.

ஆக, அவன் சொன்னதற்கு அர்த்தம், கேபிளிலோ மோட்டாரிலோ ஷார்ட் அப்படியே இருக்கிறது, போடாதே என்பது. ஐடிஐ முடித்து வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்த அவனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் என் காதில் அது நல்ல செய்தியாகத்தான் விழுந்தது.

ஏன் அப்படி விழுந்தது என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. அது எச் பிளான்ட் ஃபீடர், டிபார்ட்மென்டுக்கு ஈரக்காற்று விடும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டுக்குப் போகும் லைன். அந்த வாரத்திலேயே இரண்டு முறை ஓவர்லோடில் விழுந்திருந்தது. சப்ளை ஃபேன் ஒன்றில் பேரிங் இறுக்கம். அந்த இரண்டு முறையும் அவன்தான் என்னோடு இருந்தான். "அவசரப்படாதே தம்பி, ஆறட்டும். லாக் ஆனதும் எனக்குச் சொல்லு" என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது முறை, நான் சொல்லிக் கொடுத்தபடியே அவன் செய்தான். காத்திருக்கத் தேவையே இல்லாமல் லாக் ஆனதில் அவன் குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. நான் பாதிதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சீக்கிரம் லாக் ஆனால் என்ன அர்த்தம் என்ற மீதியைச் சொல்லவில்லை.

சித்திரை மாத ராத்திரி அது. எச் பிளான்ட் நின்றால் டிபார்ட்மென்டில் ஈரம் இறங்கும். நூல் நூற்கும் ரிங் ஃபிரேமுக்கு 55, 60 சதவீதம் ஈரம் வேண்டும். அது குறைந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும், ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்ளும், பீஸ் ஒட்டும் பெண்கள் ஓடி ஓடி மாய்வார்கள். ஸ்பின்னிங் மாஸ்டர் மூன்று தடவை போன் செய்தார். சத்தம் போட்டிருந்தால் இப்போது அவர் மேல் பாரத்தை இறக்கி வைக்கலாம். அவர் சத்தம் போடவில்லை. "எவ்வளவு நேரம் ஆகும்னு சொன்னா போதும்" என்றுதான் கேட்டார். மெகர், அதாவது இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர், போட்டுப் பார்க்க இருபுறமும் கேபிளைக் கழற்ற வேண்டும். அரைமணி நேரம். அதைச் சொல்லியிருக்கலாம்.

அவன் போட்டான். அந்த ஃபீடரில் கதவுக்கு வெளியே இருக்கும் ரோட்டரி கைப்பிடியின் தண்டு உடைந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. புதிது கேட்டு ஸ்டோருக்கு இன்டென்ட் போட்டும் வரவில்லை. கதவைத் திறந்து வைத்துத்தான் கையால் தூக்க வேண்டும். பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வலது கையை மட்டும் நீட்டிப் போட்டான். அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். அந்த ஒன்றால்தான் அவன் முகம் தப்பியது என்று என்னை நானே பல தடவை தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

பிரேக்கர் தன் வேலையைச் செய்தது. ஃபால்ட்டை அறுத்தது. ஆனால் அறுக்கும்போது உள்ளே எழும் நெருப்பு மேல்பக்கத் துளைகள் வழியாகக் கொதிக்கும் புகையாக வெளியே வரும். அந்தப் புகை மின்சாரத்தைக் கடத்தும். அதற்காகத்தான் கேபிள் முனைகளை இணைக்கும் லக்குகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் பிளாஸ்டிக் தகடு வைத்திருப்பார்கள், ஃபேஸ் பேரியர். ஆர், ஒய், பி என்று மூன்று ஃபேஸ்; அன்று ஆர், ஒய் இரண்டுக்கும் நடுவே அது இல்லை. புகை அந்த இடைவெளியில் பாய்ந்து இன்கமிங் பக்கத்திலேயே ஃப்ளாஷ் ஆனது. ஓர் ஊதா வெளிச்சம், செம்பு எரியும் வாசனை. அப்புறம் மேலே மில்லுக்கே மெயினான பிரேக்கர், ஏசிபி, விழுந்து, மில் மொத்தமும் இருட்டு. ஆயிரக்கணக்கான ஸ்பிண்டில்கள் ஒன்றாக இறங்கி நிற்கும் அந்த ஓசையைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அவன் புறங்கை முழுக்கக் கொப்புளம். புருவம் கருகியிருந்தது. கண்ணில் நீர் ஊற்றியது. "ஒண்ணுமில்லீங்ண்ணா, ஒண்ணுமில்லீங்ண்ணா" என்று என்னைத்தான் அவன் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான்.

மறுநாள் மெகரில் ஒய், பி நடுவே இன்சுலேஷன் சைபர். கேபிள் டிரெஞ்சில் எலி கடித்த இடத்தில் எச் பிளான்ட் தண்ணீர் கசிந்திருந்தது.

அந்தப் பேரியரைப் பிறகு கண்டுபிடித்தேன். எங்கள் மேஜை இழுப்பறையில், ஃபியூஸ் வயர் சுருளுக்கு அடியில் கிடந்தது. லக் மாற்றும்போது யாரோ கழற்றி வைத்து மறந்திருக்கிறார்கள். முந்தின வருடம் அந்த லக்கை மாற்றியவர்களில் நானும் உண்டு. கழற்றியது நானா என்று நினைவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. எங்களுடையது 1000 கேவிஏ டிரான்ஸ்பார்மர், 22 கேவி / 433 வோல்ட். ஃபுல் லோடு 1,333 ஆம்பியர். டிரான்ஸ்பார்மரின் உள்தடையான 5 சதவீத இம்பிடன்ஸுக்கு, பேனலின் மெயின் பட்டையான பஸ்பாரில் நேர் ஷார்ட் என்றால் 26,000 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஏதோ ஒரு ஃபீடரில் ஷார்ட் ஆனால் அந்த ஃபீடர் மட்டும் விழ வேண்டும், மில்லே இருட்டாகக் கூடாது என்பதற்காக ஏசிபியில் 0.3 வினாடி தாமதம் வைத்திருந்தோம். செட்டிங் வைத்தது நான். கணக்கு சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் வைப்பேன், இல்லாவிட்டால் ஒரு மோட்டார் எரிந்தாலும் மொத்த மில்லும் நிற்கும். ஆனால் அந்த 0.3 வினாடி முழுக்க அந்த நெருப்பு அவன் கைக்கு முன்னால் எரிந்தது. உற்பத்தி நிற்காமல் இருக்க நான் கொடுத்த நேரம் அது.

சில நாட்களில் எனக்கு நானே வக்கீலாக வாதாடுவேன். பிரேக்கருக்கு ஐஇசி 60947-2 என்ற சர்வதேசத் தரவிதி சொல்லும் சோதனையிலேயே, ஒரு முறை ஷார்ட்டை அறுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதே ஷார்ட் மேல் மறுபடி மூடித் திறக்க வேண்டும் என்று இருக்கிறது. மூடியதும் தாங்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். ஆக ஒரு தடவை போட்டுப் பார்ப்பது மகாபாவம் ஒன்றும் இல்லை, எல்லா மில்லிலும் செய்வதுதான். கதவு மூடியிருந்தால், பேரியர் இருந்திருந்தால், அன்று ஒரு சத்தத்தோடு போயிருக்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்தச் சோதனையில் பிரேக்கருக்கு முன்னால் யாரும் கையை நீட்டி நிற்பதில்லையே என்று அடுத்த கணமே தோன்றும்.

விபத்துப் பதிவேட்டில் நான்தான் எழுதினேன். "மறுபடி ஆன் செய்யும்போது ஃப்ளாஷ் ஏற்பட்டு உதவியாளருக்குக் கையில் காயம்." போடச் சொன்னது யார் என்று அந்த வரியில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது வரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன், உடனே லாக் ஆனால் தொடாதே, மெகரை எடு என்று. போன தீபாவளிக்கு முந்தின வாரம் கம்ப்ரெசர் ஃபீடர் விழுந்தது. லாக் ஆக நேரம் எடுத்தது. ஓவர்லோடுதான் என்று மெகர் போடாமலே போட்டேன். பையனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நானே போட்டேன். மறுபடி விழாமல் நின்றுவிட்டது. அது சரியா என்றால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவன் ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினான், மூன்று மாதத்தில் நின்றுவிட்டான். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. போன மாதம் திடீரென்று போன் வந்தது. சோலார் வேலையில் இருக்கிறானாம், அனுபவச் சான்றிதழ் ஒன்று வேண்டுமாம். வாங்கித் தருகிறேன் என்றேன். கை இப்போது எப்படி இருக்கிறது, தழும்பு இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன்.

"சாப்பிட்டயா தம்பி?" என்றுதான் வந்தது.

"ஆச்சுங்ண்ணா. நீங்க?"