ஒரு சாண் ஜன்னல்

அப்பா கூலரைப் போட்டதும் எதிர்ச்சுவர் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைப்பார். "உள்ளே வந்த குளிர்ச்சியை ஏன்ப்பா வெளியே விடுறீங்க?" என்று கேட்டு நானும் தம்பியும் எத்தனையோ முறை எழுந்து போய் மூடியிருக்கிறோம். அவர் கோபப்பட மாட்டார். மறுபடி திறப்பார். "காத்து போக வழி வேணும்மா" என்பார். அவ்வளவுதான் விளக்கம்.

அவர் போய் எட்டு வருஷம். அத்தனை வருஷமும் மாடிப்படிக்கு அடியில் கிடந்த கூலரை இந்தக் கோடைக்கு முன் வெளியே இழுத்தேன். துத்தநாகம் பூசிய தகரப் பெட்டி. மூன்று பக்கமும் கதவு, ஒவ்வொன்றிலும் கம்பி வலைக்குள் மரச்சுருள் அடைத்த பேட். நாலாவது பக்கம் விசிறி, அடியில் தண்ணீர்த் தொட்டி. பம்ப் தண்ணீரை மேல்தட்டுக்கு ஏற்றும், அதன் ஓட்டைகள் வழியாக அது பேட்களை நனைக்கும், விசிறி அந்த ஈரத்தின் வழியாக வெளிக்காற்றை இழுத்து அறைக்குள் விடும். 1930களில் அமெரிக்காவின் அரிசோனாவில் வீடுகளுக்குப் பரவிய கூலர்களும் ஏறத்தாழ இதே மாதிரிதான். அங்கே ஆஸ்பென் மரத்தின் சுருள். நாலு திருகைக் கழற்றினால் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்துவிடும். இதன்மேல் எனக்குள்ள மதிப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் மின்சாரம். பழைய ஒயரில் எர்த் கம்பியே இல்லை. தண்ணீர் நிற்கிற தகரப் பெட்டியை எர்த் இல்லாமல் ஓட்டவே கூடாது. மூன்று கம்பி ஒயர் போட்டு, பெட்டியின் தகரத்தை ஓரிடத்தில் சுரண்டி, எர்த் கம்பியை அங்கே இறுக்கினேன். மின்கசிவைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியில் மோட்டாருக்குக் கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் பிளக்கைச் செருகினேன். விசிறி முனகியது, சுற்றவில்லை. குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றியது. மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் போய்விட்டது என்று புரிந்தது. அதே அளவில் புதிது மாற்றி, மோட்டார் அச்சைத் தாங்கும் புஷ்ஷுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் பழைய உறுமல் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உப்புப் படிவுக்கு வினிகர் ஊற்றச் சொல்வார்கள். படிவு கரையும், கூடவே துத்தநாகப் பூச்சும் கரையும். அதனால் பிளாஸ்டிக் குழாய்களை மட்டும் கழற்றி வினிகரில் ஊறவைத்தேன். தொட்டியை மரத்துண்டால் சுரண்டினேன். மூலையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. வெல்டிங் வேண்டாம் என்று முடிவு செய்தேன். துத்தநாகம் எரிந்து வரும் புகை கெடுதல். தகரத் துண்டு வைத்து ரிவெட் அடித்து, எபாக்ஸி பூசி, உள்ளே தார் பெயின்ட் இரண்டு கை அடித்தேன். தொட்டியை வாரம் ஒருமுறையாவது காலி செய்து சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் தாங்கும்.

அப்புறம் ஒரு தவறு செய்தேன். பின்பக்க இடது காலின் அடியில், மடித்த தகரத் துண்டு ஒன்று கம்பியால் கட்டியிருந்தது. குப்பை என்று அறுத்து எறிந்துவிட்டேன். புது மரச்சுருள் அடைத்துப் பம்பைப் போட்டால், இடது கதவு சொட்டச் சொட்ட நனைகிறது, வலது கதவில் ஒரு முழ அகலம் நனையவே இல்லை. காய்ந்த இடம்தான் காற்றுக்குச் சுலபமான வழி. வெளிச்சூடு அப்படியே அதன் வழியாக நுழையும். மற்ற இரண்டு பேட்களின் உழைப்பும் வீண். மேல்தட்டின் ஓட்டைகளை ஊசியால் குத்திக் குத்தி இரண்டு நாள் போனது. கடைசியில் ரசமட்டம் வைத்துப் பார்த்தபோதுதான், அந்தக் கால் வளைந்திருப்பதும் அப்பா அதற்குத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறார் என்பதும் தெரிந்தது. குப்பைக் கூடையைக் கவிழ்த்து அந்தத் துண்டைத் தேடி எடுத்து, புதுக் கம்பியால் கட்டினேன். மூன்று பக்கமும் ஒரே சீராக நனைந்தது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, மின்சாரக் கணக்கில் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் காற்று 23 டிகிரி வரை இறங்க இடம் உண்டு; நல்ல பேட் 27 வரை கொண்டுவரும். அதுவே 35 டிகிரியும் 70 சதவீத ஈரமும் என்றால், எல்லையே 30. அந்த நாளில் கூலரைக் குறை சொல்வது நியாயமில்லை.

நேற்று மதியம் அந்த எதிர் ஜன்னலை மூடிப் பார்த்தேன். கூலர் வாயில் கட்டியிருந்த நூல் தொய்ந்தது. கொஞ்ச நேரத்தில் கழுத்து வியர்வை காயாமல் நின்றது. ஈரக் காற்று வெளியேறாமல் புதுக் காற்று பேட் வழியாக வர இடமில்லை. முழுசாகத் திறந்தேன், தெருவின் அனல் உள்ளே வந்தது. சிறிது சிறிதாக மூடிக்கொண்டே வந்தேன். நூல் நேராகப் பறக்கவும் அனல் நிற்கவும் சரியாக இருந்த இடத்தில் கையை விரித்து வைத்து அளந்தேன். ஒரு சாண்.