ராமானுஜர் ஏறி நின்ற திருக்கோஷ்டியூர்

காரைக்குடிக்கு வருகிறவர்கள் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஒரு செட்டியார் வீடு என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். திருப்பத்தூர் தாண்டி சிவகங்கை ரோட்டில் இருக்கிற திருக்கோஷ்டியூரை விடுவது பெரிய நஷ்டம்.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். திருப்பத்தூரில் ஒரு ஆட்டோக்காரர் இந்தக் கொஞ்ச தூரத்துக்கு 450 ரூபாய் கேட்டார். "அந்தப் பக்கம் இப்போ பஸ்ஸே இல்லண்ணே" என்று அடித்துச் சொன்னார். பேரம் முடிவதற்குள் சிவகங்கை பஸ் வந்து நின்றது! மிச்சமான காசு எனக்கும் அண்ணனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கே ஆச்சு. தயவுசெய்து பஸ்ஸிலேயே போங்கள்.

கோயில் சௌமிய நாராயணப் பெருமாளுடையது, ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் ஒன்று. இரணியனை ஒழிக்கத் தேவர்களும் ரிஷிகளும் கூடி யோசித்த இடம் என்கிறது தல புராணம். ஆனால் என்னை இழுத்தது வைணவ ஆச்சாரியர் ராமானுஜர் கதை. 'ஓம் நமோ நாராயணாய' என்ற எட்டெழுத்து மந்திரத்தின் பொருள் கேட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து 18 முறை நடந்தே வந்திருக்கிறார். கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர்! இங்கிருந்த குரு திருக்கோஷ்டியூர் நம்பி திருப்பித் திருப்பி அனுப்பினார். கடைசியில் சொல்லிக்கொடுத்து, வெளியே சொன்னால் நரகம்தான் என்று எச்சரித்தார். ராமானுஜர் நேராகக் கோயில் விமானத்தின் (கருவறைக்கு மேல் எழும் கோபுரம்) மேலே ஏறி ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார். இத்தனை பேர் கரையேறினால் நான் ஒருவன் நரகம் போனால் என்ன என்றாராம். கோபமாக வந்த நம்பியே அவரை 'எம்பெருமானார்', அதாவது பெருமாளையும்விட உயர்ந்தவர், என்று கட்டிக்கொண்டார். சாதி பார்த்துக் கதவடைத்த காலத்தில் இப்படி ஒரு மனசு!

அந்த அஷ்டாங்க விமானத்தில் கீழே நர்த்தன கிருஷ்ணர். மேல் தளங்களில் பெருமாள் படுத்து, நின்று, அமர்ந்து என்று மூன்று கோலம். படி ரொம்பக் குறுகல். தலையைக் குனிந்து, சுவரைத் தடவித் தடவித்தான் ஏற வேண்டும். முட்டி வலிக்காரர்கள் யோசிக்கணும். மேலே வந்ததும் சிலையாக ராமானுஜர் நிற்கிறார். கீழே அதே தெருக்கள், ஓட்டு வீடுகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம், மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். மாசி மகத் தெப்பத்துக்குக் குளத்தைச் சுற்றி விளக்கேற்றுவார்கள். வேண்டுதல் உள்ளவர்கள் அதில் ஒரு விளக்கை வீட்டுக்கு எடுத்துப் போய், நிறைவேறியதும் திரும்பக் கொண்டுவந்து ஏற்றுவது வழக்கம். நாங்களும் மாசிக்கு வருவதாக முடிவு பண்ணிவிட்டோம். காரைக்குடி ரூம் வாடகை அப்போது ஏறிவிடும், இப்போதே விசாரிக்க வேண்டும்.