கயிற்றின் மறுமுனையில் ஒருவர்

எஞ்சின் இல்லாத எங்கள் கிளைடர் விமானம் தரையை விட்டு எழும்பிவிட்டது. எங்களை இழுக்கும் விமானம் இன்னும் ஓடுபாதையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து எல்மைரா, ஹாரிஸ் ஹில் கிளைடர் தளம். இன்றைய பாடமே அந்தச் சில நொடிகள்தான். தரையை ஒட்டியே பறக்க வேண்டும். நாம் அவசரப்பட்டு மேலே போனால், கயிறு முன்னால் இருக்கும் விமானத்தின் வாலைத் தூக்கிவிடும். அதன் மூக்கு தரையைப் பார்த்துக் கவிழும். அதை ஓட்டுபவரின் உயிர் அப்போது நம் கையில்.

மேலே போன பிறகு, அவர் இறக்கை எவ்வளவு சாய்கிறதோ, நம்முடையதும் அவ்வளவே. இடையில் சுமார் 200 அடிக் கயிறு.

மஞ்சள் குமிழை இழுத்தால் கயிறு கழன்றுவிடும். நாங்கள் வலப்பக்கம், அவர் இடப்பக்கம்.

அதற்குப் பிறகு வரும் அமைதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு என்னவோ அதற்கு முந்தைய இந்தப் பொறுப்புதான் பிடித்திருக்கிறது. இறங்கியதும் முதலில் அந்த விமானியைத் தேடிப்போய் நன்றி சொன்னேன்.