வீட்டுக்குள் நுழைந்த பயம்

பிராகுக்குக் குடிவந்த புதிதில், எங்கள் குடியிருப்பில் இருக்கும் வயதானவர்களோடு எப்படிப் பழகுவது என்றே பிடிபடவில்லை. லிஃப்டில் வணக்கம் சொல்வார்கள். அதற்கு மேல் ஒன்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். எனக்கு வழிகாட்டியது செக் சினிமாதான்.

பொன்ரெபோ என்ற பழம்படத் திரையரங்கு பார்த்தொலொமேய்ஸ்கா தெருவில் இருக்கிறது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் ரகசியப் போலீஸ் ஆட்களைக் கொண்டுவந்து விசாரித்த தெரு அது. பின்னாளில் குடியரசுத் தலைவரான எழுத்தாளர் வாட்ஸ்லாவ் ஹாவெலையும் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். கரெல் காஹின்யாவின் 'காது' படத்தை அங்கேதான் பார்த்தேன். 1970இல் எடுத்த படம். ஆட்சி கவிழும்வரை தடையில் கிடந்தது. கதை ஒரே இரவில் நடக்கிறது. துணை அமைச்சர் ஒருவரும் மனைவியும் அரசு விருந்து முடிந்து வீடு திரும்புகிறார்கள். சாவியைக் காணோம், மின்சாரமும் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் கைதாகியிருக்க, அடுத்தது தான்தான் என்று நடுங்கியபடி அவர் காகிதங்களைக் கொளுத்திக் கழிவறையில் போடுகிறார். வீட்டுக்குள்ளேயே ஒட்டுக்கேட்கும் கருவிகள் அகப்படுகின்றன. விடிந்ததும் தொலைபேசி அடிக்கிறது: அவரை அமைச்சராக்கிவிட்டார்கள். மனைவிக்கோ பயம் தீரவில்லை. அவரைக் கைது செய்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு குலை நடுங்கியிருக்காது.

செக் போர்ப் படத்திலும் போர்முனையைத் தேட வேண்டாம். செக் எழுத்தாளர் ஹ்ரபாலின் குறுநாவலை வைத்து யிர்ஷி மென்செல் 1966இல் எடுத்து ஆஸ்கர் வாங்கிய படம், இரண்டாம் உலகப் போரில் நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, ஒரு சின்ன ரயில் நிலையத்தைச் சுற்றியே நடக்கிறது. இரவுப் பணியில் ஓர் ஊழியர் தந்தி அடிக்கும் பெண்ணின் பின்புறத்தில் நிலைய முத்திரைகளைக் குத்திவிடுகிறார். முத்திரையில் ஜெர்மன் எழுத்து இருக்கிறதே, அந்த மொழிக்கே அவமதிப்பு என்று பெரிய விசாரணை நடக்கிறது! அதே வேளையில், பயிற்சிக்கு வந்த பையன் ஆயுத ரயிலைத் தகர்த்துவிட்டு உயிரை விடுகிறான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சை அடைத்துவிட்டது. மென்செல் 1969இல் எடுத்த இன்னொரு படம் 1990வரை பெட்டிக்குள்ளேயே இருந்து, வெளிவந்த ஆண்டே பெர்லின் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதான தங்கக் கரடியை வாங்கியது.

'காது' பார்த்ததைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் என் அரைகுறைச் செக்கில் சொன்னேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். வீட்டில் பேசுவது எதையும் பள்ளியில் வாய்விடக் கூடாது என்று அவருடைய அப்பா சொல்லிச் சொல்லி அனுப்புவாராம். விவசாயிகளின் நிலங்களை ஒன்றாகச் சேர்த்து கம்யூனிஸ்ட் ஆட்சி அமைத்த கூட்டுப்பண்ணைக்குக் குடும்ப நிலம் போன கதையையும் சொன்னார். இங்குள்ளவர்களின் மௌனத்துக்கெல்லாம் இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுகிறார்.

"எங்கள் ஊருக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ள இயக்குநர் யாஸ்னியின் படத்தைப் பாருங்கள்" என்றார். கூட்டுப்பண்ணைத் திட்டம் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் ஒரு கிராமத்தைச் சிதைத்த கதை அது. 1969இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றது. வரும் ஞாயிறு அவர் வீட்டிலேயே சேர்ந்து பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.