ஈறு சிகிச்சையும் ஒரு தாளில் இருந்த எண்களும்

ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களிடம் கேட்டால் முதலில் வலியைப் பற்றித்தான் சொல்வார்கள். அந்தச் சிகிச்சையை முடித்துவிட்டு இப்போது பராமரிப்புக் கட்டத்தில் இருக்கும் எனக்கு, வலி சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது. மருத்துவர் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொள்வதும், புரிந்ததைத் தினமும் வீட்டில் செய்வதும்தான் பெரிய வேலை. இதே சிகிச்சைக்குப் போகப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பல் துலக்கும்போது ரத்தம் கசிந்ததுதான் தொடக்கம். வலி இல்லை, வீக்கமும் பெரிதாக இல்லை. இந்த நோயின் சிக்கலே அதுதான், பெரும்பாலும் வலிக்காமலே வளரும். ஆரோக்கியமான ஈறில் பிரஷ் பட்டு ரத்தம் வராது. அடிக்கடி வந்தால் அங்கே அழற்சி இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு காட்டிவிட வேண்டும். புகைப்பவர்கள் இன்னும் கவனமாக இருப்பது நல்லது, அவர்களுக்கு நோய் இருந்தாலும் கசிவு குறைவாகவே தெரியும்.

முதல் நாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை இருக்கிறதா, ரத்த அழுத்தம் இருக்கிறதா, என்னென்ன மாத்திரை என்று நீளமான கேள்விகள். பல்லுக்கு எதற்கு இதெல்லாம் என்று பலரும் பாதியை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து முழுதாக எழுதுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் தீவிரமாகும், ஈறு நோய் தீவிரமானால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் மருந்து இரண்டையும் பல் பிடுங்குவதற்கு முன் மருத்துவர் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். அம்லோடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளால் சிலருக்கு ஈறு தடித்து வளரும். மாத்திரைப் பெயர்கள் எனக்கு மனதில் நிற்காது என்பதால் அட்டைகளைப் படம் எடுத்து போனில் வைத்திருக்கிறேன்.

அடுத்தது அளவெடுப்பு. எனக்கு எல்லாம் பிடிபட்டது இந்த இடத்தில்தான். மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்குகிறார்கள். ஒரு பல்லுக்கு 6 இடம். மருத்துவர் “மூணு, ரெண்டு, மூணு” என்று சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொண்டே போனார். திடீரென்று “அஞ்சு, ஆறு” என்று வந்தபோது, என்னவென்று தெரியாமலே மனம் படபடத்தது. முடிந்ததும், அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதைக் கேட்பவர்கள் குறைவு போலிருக்கிறது.

1 முதல் 3 வரை இருந்தால் பொதுவாக நல்ல ஈறு. 4 அல்லது அதற்கு மேல் போனால் அங்கே பை மாதிரி ஆழமான இடைவெளி உண்டாகியிருக்கிறது, அதன் அடிவரை பிரஷ் எட்டாது. எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருந்தால் அளந்தபோது ரத்தம் வந்தது என்று பொருள். பற்களுக்கும் எண் உண்டு. 36 என்றால் முப்பத்தாறாவது பல் இல்லை. வாயை நான்கு பாகமாகப் பிரித்து, மூன்றாவது பாகத்தில் நடுவிலிருந்து ஆறாவது பல், அதாவது இடது கீழ்க் கடைவாய்ப் பல். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் தாளை நானே படிக்க முடிந்தது. ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டேன். நீங்களும் கேளுங்கள், கொடுப்பார்கள்.

எக்ஸ்ரேயைக் காட்டி இன்னொன்றும் சொன்னார். ஈறு மட்டும் வீங்கியிருக்கும் நிலை முழுதாகச் சரியாகிவிடும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் நோயை நிறுத்தலாம், போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது. எனக்குச் சில இடங்களில் இரண்டாவது நிலை. சொல்லி முடித்துவிட்டு, “இப்ப வீட்டுல இருக்கிறவங்க கேட்டா இதை எப்படிச் சொல்வீங்க? உங்க வார்த்தையிலயே சொல்லுங்க” என்றார். சொல்லிக்கொண்டே வந்தபோது, கடினமான பற்காரை பிரஷுக்கு ஏன் வராது என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அவர் காகிதத்தில் பல்லின் வேரை வரைந்து மறுபடி விளக்கினார். பல்லில் படியும் மென்மையான படலத்தை நாம் துலக்கி எடுத்துவிடலாம். விட்டுவைத்தால் உமிழ்நீரில் உள்ள தாதுக்கள் சேர்ந்து அது இறுகிவிடும், அப்புறம் கருவியால்தான் எடுக்க முடியும். நோயாளியைத் திருப்பிச் சொல்ல வைக்கும் இந்த முறை எல்லா மருத்துவமனையிலும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். மருத்துவர் கேட்காவிட்டால் நாமே, “நான் புரிஞ்சுகிட்டது சரியான்னு பாருங்க” என்று சொல்லிப் பார்க்கலாம்.

ஆழமான சுத்தம் செய்வதை ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டார்கள். மரத்துப்போக ஊசி போடுவதால் அதிர்வும் தண்ணீரும்தான் தெரியும். பிறகு சில நாள் குளிர்ச்சி பட்டால் கூசியது. பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி தெரிந்தது. சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்ற பயம் இதிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். அந்த இடத்தை அடைத்திருந்தது பற்காரையும் வீங்கிய ஈறும். இரண்டும் போனதும், நோய் ஏற்கெனவே உண்டாக்கிய இடைவெளி வெளியே தெரிகிறது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் கலங்கவில்லை.

அதன்பிறகு வீட்டு வேலை. மென்மையான பிரஷை ஈறு விளிம்பில் 45 டிகிரி சாய்த்து வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்ன அசைவாக, 2 நிமிடம், காலையும் இரவும். இரவில் உமிழ்நீர் குறைந்துவிடுவதால் படுக்கும் முன் துலக்குவதை விடவே கூடாது. பேஸ்ட் அட்டையில் விளம்பர வார்த்தைகளை விட்டுவிட்டு ஃப்ளூரைடு அளவை மட்டும் பார்க்கிறேன். பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 பிபிஎம் வரை இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஃப்ளூரைடு பேஸ்ட்டை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது, அந்த அளவுக்கு முக்கியமான பொருள் அது. துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும். உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளூரைடும் சேர்ந்து போய்விடும். இதைப் பழக்கிக்கொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

ஆனால் என் ஈறை மாற்றியது இடுக்கு பிரஷ்தான் என்று உறுதியாகச் சொல்வேன். பல் இடுக்குகளுக்குச் சாதாரண பிரஷ் போகாது. இடைவெளிக்கு ஏற்ற அளவு வேண்டும். முன்பற்களுக்கு ஒன்று, பின்பற்களுக்கு அதைவிடப் பெரியது என்று மருத்துவரே பொருத்திப் பார்த்துக் கொடுத்தார். கம்பி உரசாமல், முடிகள் இரண்டு பக்கமும் லேசாகத் தொட்டுப் போக வேண்டும். அது நுழையாத நெருக்கமான இடத்துக்கு ஃப்ளாஸ் நூல். முதல் வாரம் அதிகமாகவே ரத்தம் வந்தது, நிறுத்தாமல் தொடரச் சொன்னார்கள். நாளாக நாளாகக் குறைந்து நின்றது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் கொஞ்ச நாளைக்கு மட்டும். நீண்ட நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

1965-இல் ஹரால்ட் லோ என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த ஒரு பரிசோதனையைப் படித்தது எனக்கு மிகவும் உதவியது. ஆரோக்கியமான ஈறு உள்ளவர்களைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 3 வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் அது போனது. அலுப்பாக இருக்கும் இரவுகளில் இது நினைவுக்கு வரும், எழுந்து போய்விடுவேன்.

சில மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். இந்த முறை எண்களைக் கேட்கக் கேட்க எனக்கே புரிந்தது. பல இடங்களில் 5 இருந்தது 3-க்கு இறங்கியிருந்தது, சிவப்புப் புள்ளிகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. மேல் கடைவாய்ப் பல் ஒன்றில் மட்டும் 5 அப்படியே நிற்கிறது. வேர்கள் பிரியும் கவட்டை அங்கே இருப்பதால் கருவியும் பிரஷும் சரியாக எட்டுவதில்லை. 3 மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்துகொண்டே கண்காணிக்கலாம், அல்லது ஈறை லேசாகத் திறந்து சின்ன அறுவை சிகிச்சை செய்யலாம் என்று இரண்டு வழி சொன்னார். ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டு அந்தத் தாளின் பின்புறமே எழுதிக்கொண்டேன். இப்போதைக்குக் கண்காணிப்பு என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த அளவிலும் அங்கே ரத்தம் வந்தால் அறுவைக்குத் தேதி கேட்பேன்.